நூற்று இருபத்துநாலு

"கையைத் தளர்வா வெச்சுக்குங்க, சார்," என்றாள் டெஸ்ஸா.

பெற்ற அப்பாவைத்தான் சார் என்றாள். வேறு வழியில்லை. போட்டி என்று வந்துவிட்டால் கட்டிலில் படுத்திருப்பவர் நோயாளி, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்கு மூலையில், நர்ஸாக, டாக்டராக ஆசைப்படும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நடக்கிற வட்டாரப் போட்டி அது. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் மாநிலப் போட்டி. அங்கே ஜெயித்தால் நர்ஸிங் படிப்புக்கு உதவித்தொகை. கிடைக்காவிட்டால் படிப்பை மறந்துவிட்டு மளிகைக்கடை கவுண்டரில் நிற்க வேண்டியதுதான்.

நோயாளியாக நடிக்க வர வேண்டிய ஆள் பனியில் மாட்டிக்கொண்டார். "யாராவது வந்து படுக்கிறீங்களா?" என்று வராந்தாவில் கேட்டு முடிப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார். மனுஷர் பண்ணைகளுக்கு வேலி போடுகிறவர். ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் உட்காரவே மாட்டார். அவர் போய் ஆசை ஆசையாய்க் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டதைப் பார்த்து டெஸ்ஸாவுக்கு மானமே போயிற்று.

சொந்த அப்பாவா என்று போட்டி நடத்துகிறவர்கள் இழுத்தார்கள். நானும் கூடவே கேட்கத்தானே போகிறேன், பரவாயில்லை என்றுவிட்டார் நடுவர். மிசஸ் பர்டிக் என்று பெயர், நிஜ நர்ஸ்.

நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் முதலில் கேட்க வேண்டும். கேட்டாள்.

"பிறந்த தேதியா? எம் பொண்ணு என்னிக்குக் கேக் வாங்குறாளோ அன்னிக்குத்தான், மேடம்."

நடுவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். டெஸ்ஸாவுக்கு அப்பாவைக் கிள்ளலாம் போல இருந்தது.

அடுத்து ரத்த அழுத்தம்.

ஸ்டெதஸ்கோப் ஒன்றுதான். காதில் மாட்டுகிற குழல் மட்டும் இரண்டு ஜோடி. ஒன்று அவள் காதில், இன்னொன்று நடுவர் காதில். ஒரே துடிப்பை இருவரும் கேட்பார்கள். அவள் சொல்லும் எண் நடுவர் எழுதும் எண்ணோடு ஒட்டி வர வேண்டும்.

புஜத்தில் பட்டையைச் சுற்றினாள். நூற்று எண்பது வரை காற்றடித்தாள். மெல்ல விட்டாள்.

வழக்கமாக மானியின் முள் கொஞ்ச தூரம் சத்தமில்லாமல் இறங்கும். அப்புறம்தான் துடிப்பு கேட்கும். அது தொடங்குகிற இடம்தான் எண்.

முள் அசைந்ததுமே துடிப்பு கேட்டது.

அப்படியென்றால் நிஜ எண் அதற்கும் மேலே எங்கேயோ இருக்கிறது. காற்றை முழுக்க விட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்து, இன்னும் உயர ஏற்றிப் பார்க்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை அவள் சொல்வாள்.

ஆனால் அவள் பழகியதெல்லாம் வகுப்புப் பிள்ளைகளின் கைகளில். எல்லாருக்கும் நூற்றுப் பத்து, நூற்று இருபது. போட்டிக்கு வந்து படுக்கிறவர்கள் நோயாளியாக நடிக்கிறவர்கள்தானே! பதற்றத்தில் தன் நெஞ்சுதான் காதில் அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். நடுவர் நல்ல எண்ணாகத்தான் எழுதியிருப்பார், அதற்குப் பக்கத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். அவர் முகத்தை ஒரு தரம் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை, பாவி.

"நூத்தி இருபத்திநாலு, எழுபத்தெட்டு."

அப்பா நீளமாக ஒரு மூச்சு விட்டார். மணி அடிக்கும்வரை நடுவர் வாய் திறக்கக் கூடாது. திறக்கவில்லை.

வெளியே வந்ததும் அப்பா அவள் தோளைத் தட்டினார். "பின்னிட்ட கண்ணு!"

பின்னாலேயே கதவு படாரென்று திறந்தது. கையில் பட்டையோடு மிசஸ் பர்டிக் ஓடிவந்தார்.

"உக்காருங்க சார், மறுபடி பாக்கணும். நூத்தி எண்பதுலயே எனக்குத் துடிப்பு கேட்டுச்சு. அதுக்கு மேல எவ்வளவுன்னே தெரியல."

அப்பா சிரித்தார். "அட நீங்க வேற! எம் பொண்ணுக்குப் பாம்புக் காது. நூத்தி இருபத்திநாலுன்னு அவளே சொல்லிட்டா. நீங்கதான் தப்பாக் கேட்டிருப்பீங்க."

மிசஸ் பர்டிக் டெஸ்ஸாவைப் பார்த்தார்.

மாநிலப் போட்டி அதோடு போயிற்று. அது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அழுகை வந்தது அதற்காக இல்லை. இத்தனை வருஷ அனுபவமுள்ள நர்ஸை நம்பாமல் இந்த மனுஷர் தன்னை நம்பிக்கொண்டு நிற்கிறாரே என்றுதான். பேசாமல் இருந்தால் அவர் இப்படியே சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

"அப்பா... எனக்கும் அதேதான் கேட்டுச்சு."

அவர் சிரிப்பு நின்றது. "அப்புறம் ஏம்மா மாத்திச் சொன்ன?"

"அது சரியா இருக்காதுன்னு... போட்டியில தோத்துருவேன்னு..."

அவர் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெல்லச் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு மாசமா காலையில எந்திரிச்சா பின்மண்டை விண்ணு விண்ணுன்னு வலிக்குது. இன்சூரன்ஸ் இல்லாம ஆஸ்பத்திரிப் படி ஏறப் பயமா இருந்துச்சு. நீ பாத்தா உள்ளதை உள்ளபடி சொல்லிருவேன்னுதான் கண்ணு வந்து படுத்தேன்."

சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்து, மிசஸ் பர்டிக்கிடம் கையை நீட்டினார்.