வலது கை

லாரி ஓட்டும்போது தூங்கிவிடாமலிருக்க சுபின் எட்டு வருஷம் மாத்திரை போட்டான். அது மூளையில் உடலசைவைக் கட்டுப்படுத்தும் டோபமீனைக் கறந்து கறந்து, அதைச் சுரக்கும் செல்களையே கொன்றுவிட்டது, செத்தவை திரும்ப முளைக்காது என்றார் டாக்டர். முப்பத்தாறு வயதில் அவன் வலது கை ஓயாமல் நடுங்கியது.

தினமும் அவன் சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டு வேலைக்குப் போகும் மனைவி டெபோரா டீச்சருக்கு அன்று பொறுக்கவில்லை.

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு. கையை ஆட்டாதிய!"

"ஏட்டி, நானா ஆட்டுதேன்?"

சனிக்கிழமை அவனை முக்கூடலில் அவன் அக்கா வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினாள்.

கொடியில் அவனுடைய நான்கு சட்டைகள் காய்ந்தன. காற்றே இல்லை. நான்கிலும் வலது கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"இங்கனயுமா?" என்று எரிச்சலோடு ஒன்றைப் பிடித்தாள். நின்றது. மறு கையால் அடுத்ததையும் பிடித்தாள். அதுவும் நின்றது.

மீதி இரண்டையும் பிடிக்க அவளுக்குக் கை இல்லை.