இமயத்துக்கு அனுப்பிய குளிர்

தூத்துக்குடியில் கந்தகம் எரித்தால் இமயமலையில் குளிரும். காற்றை அப்படிப் பழக்கி வைத்திருந்தார்கள். எரிக்கிற வேலை பால்துரைக்கு. குளிர் பட்டால்தான் ஆப்பிள் பூக்கும் என்பதால், இமயமலைக் கின்னௌரில் தோட்டம் வைத்திருந்த நேகி வருஷந்தோறும் இரண்டு பெட்டி ஆப்பிள் அனுப்பி நன்றி சொல்வார். நன்றி சொல்வதற்கென்றே தமிழும் கற்றுக்கொண்ட மனிதர்.

சங்கடம் இங்கேதான். புகையில் வெயில் மங்கிப்போய், பால்துரையின் மனைவி பேச்சிக்கனியின் உப்பளப் பாத்தியில் உப்பு விளையவே இல்லை. உப்பு வாருவதற்குள் கோடை மழை விழுந்துவிட்டால் இந்த வருஷப் பிழைப்பு அவ்வளவுதான்.

"ஆப்பிளக் கடிச்சே வருஷத்த ஓட்டிருவியளோ? ஒரு பத்து நாள் அணைச்சுக்கிடுதேன்னு கேளுங்களேன்."

"தின்ன வாயால எப்படிட்டீ கேக்க?"

கடைசியில் அவளே போனைப் போட்டு அவர் காதில் வைத்தாள். பால்துரை நேகியின் வீட்டு ஆடுகள் வரைக்கும் நலம் விசாரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு கேட்டது.

"அண்ணாச்சி, எங்களுக்கு வேண்டிய குளிர் போன மாசமே கிடைச்சாச்சு. இவ்வளவு ஆசையா அனுப்புறீங்களே, போதும்னு சொன்னா மனசு நோகுமேன்னு பேசாம இருந்தோம். கோழிக்குக்கூட கம்பளி பின்னிப் போட்டாச்சு. தயவுசெஞ்சு அணைங்க."

அன்றே அணைத்தார். மூன்றாம் நாள் வானத்தின் மஞ்சள் கழன்றது. அதற்கடுத்த வாரம் பாத்தி முழுக்க வெள்ளையாக உப்பு பூத்தது. பேச்சிக்கனி உள்ளங்கால் பொரிய வரப்பில் நின்று சூரியனைக் கும்பிட்டாள்.

"மகராசா, இப்படியே போட்டுப் பொசுக்கு. நீ நல்லாயிருப்ப!"