மைக்கில் மென்றது யார்?

"நடு மைதானத்துலேர்ந்து பந்து பறக்குது... சவக்... ஏழாம் நம்பர் நெஞ்சுல வாங்குறார்... சவக், சவக்..."

ஒலிபெருக்கி முழுக்கச் சூயிங்கம் மெல்லும் சத்தம். கால்பந்து இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள். கூட்டம் கொதித்துவிட்டது.

"யோவ், மைக்ல யாருய்யா மாடு மாதிரி அசை போடுறது?"

கிளப் தலைவருக்கு மானமே போயிற்று.

"அந்தப் பட்டாசுக்கு எவ்வளவு திமிர்! இன்னையோட அவனுக்கு மைக் கிடையாது."

பட்டாசு என்பது வர்ணனையாளரின் பட்டப்பெயர். பேச ஆரம்பித்தால் அப்படி வெடிப்பார்.

தலைவர் எழுவதற்குள் ஒலிபெருக்கியில் வேறு குரல்.

"மன்னிக்கணும், நான் செயலாளர். மெல்லுறது நான்தான். பட்டாசைத் திட்டாதீங்க!"

மைதானமே ஊளையிட்டது. "வயசுக்கேத்த புத்தி வேணாம்?" என்று கறுவியபடி தலைவர் தடதடவென்று படியேறினார். வர்ணனை அறைக்குள் நுழைந்ததுமே கத்தினார்.

"துப்புய்யா முதல்ல!"

செயலாளர் அசையவில்லை. பக்கத்திலிருந்த பட்டாசுதான் வாயிலிருந்ததைத் துப்பினார்.

அந்த நேரம் பார்த்துப் பெனால்டி! கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது.

பட்டாசு மைக்கருகே குனிந்தார். தாடை ஒரு பக்கமாக வெட்டி இழுத்தது. நாக்கு தானாக வெளியே துருத்தியது.

"ப... ப்பெ... ந்..."

"என்னய்யா ஆச்சு?" தலைவர் பதறினார்.

"அவருக்கு நரம்புக் கோளாறு சார்," என்றார் செயலாளர். "தாடை தானா இழுத்துக்கும், பேச்சு உடைஞ்சுபோகும். எதையாவது மென்னுக்கிட்டே இருந்தா கொஞ்சம் அடங்கும். சொன்னா மைக்கைப் பிடுங்கிடுவீங்கன்னு பயந்து மறைச்சுட்டார்."

"அட, முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா? இன்னொண்ணு எங்கய்யா? போடு வாயில, சீக்கிரம்!"

தலைவரே காகிதத்தைப் பிரித்துக் கொடுத்தார்.

சவக். சவக்.

"ஓடி வர்றார்... அடிக்கிறார்... கோஓஓல்!"

வெடித்தார் பட்டாசு. தலைவர் சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார்.

"அடுத்த வருஷமும் நீதான்யா பேசுற!" என்று பட்டாசின் முதுகில் ஓங்கித் தட்டிவிட்டு, செயலாளர் பக்கம் திரும்பினார். "அவர் மெல்லுறதுல அர்த்தமிருக்கு. கூடச் சேர்ந்து நீங்க எதுக்குய்யா மென்னீங்க?"

செயலாளர் வாயைத் திறந்து காட்டினார். பல் செட்டைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்ததால், உள்ளே ஒரு பல் கூட இல்லை.

"பழியைச் சுமக்கத் தோள் இருந்தா போதாதா சார், பல் எதுக்கு?"