நாலு மணிக்கு எழுப்பச் சொன்னாள்

என் மகள் பூங்கொடிக்குப் பல் டாக்டராக ஆசை. இரண்டாயிரத்தில் நாமக்கல்லில் நுழைவுத் தேர்வு.

"நாலு மணிக்கு எழுப்பி உடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். மலையிறங்கும் முதல் பஸ் அஞ்சு மணிக்கு. ஆள் இல்லாவிட்டால் எங்கள் ஊரில் நிற்காது.

நான் விழித்துத்தான் இருந்தேன். மாப்பிள்ளை பேசி முடித்திருந்ததால் எழுப்பவில்லை. அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். பஸ் நிற்காமல் போனது. விடிந்து எழுந்தவள் தேர்வுக்குப் படித்த கைடை மூடி வைத்தாள்.

கல்யாணமாகி ராசிபுரம் போய்விட்டாள். அவளுடைய கைடு இங்கேயே கிடந்தது. அதில் கடைசி மாதிரித் தேர்வை மட்டும் அவள் போடவில்லை. மொத்தம் இருநூறு கேள்வி.

மூணு வருஷம் கழித்து ஒருநாள் பிரித்தபோது பத்துக் கேள்விக்குப் பென்சிலால் விடை குறித்திருந்தது. மறுநாள் இருபது. வீட்டில் நானும் என் மனைவி சென்னம்மாளும்தான். இருவருக்கும் எண்ணத் தெரியும், படிக்கத் தெரியாது.

செம்மேடு போய் மகளுக்கு போன் போட்டுக் கைடைப் பற்றிக் கேட்டேன்.

"அதெல்லாம் மறந்தே போச்சுங்கப்பா. கொழந்த அழுவுது, வெக்கறேன்."

நேற்றோடு இருநூறும் முடிந்தது. இன்று நாலு மணிக்கு, அவள் படுத்திருந்த காலி அறை வாசலில் நின்று, "கண்ணு, எந்திரி சாமி" என்றேன்.

அஞ்சு மணிக்கு பஸ் வந்து நின்றது. ஆள் ஏறியதும் கண்டக்டர் ஊதும் இரட்டை விசில் கேட்டது.