மூன்றாவது நாய்

"நாயைச் சங்கிலியில கட்டி வெயில்ல போட்டிருக்கியே, நீயெல்லாம் மனுஷனா?" விலங்குநலச் சங்கத் தலைவர் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் வெலவெலத்துப் போனார்.

"வீட்டுக்குக் காவல் இது ஒண்ணுதாங்க."

தலைவர் காதில் வாங்கவில்லை. நாயை வண்டியில் ஏற்றிவிட்டு வீடியோவில் முழங்கினார். "இந்த மாசத்துல இது மூணாவது நாய். எல்லாம் நானே தெருத்தெருவா அலைஞ்சு கண்டுபிடிச்சது."

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். "நீங்க நாயைக் கொண்டுபோன மூணு வீட்லயும் அன்னிக்கே திருட்டு."

தலைவர் யோசித்துப் பார்த்தார். மூன்று விலாசத்தையும் போனில் சொன்னது ஒரே ஆள்தான். பேர்கூடக் கேட்டுவைக்கவில்லை.

"நானாக் கண்டுபிடிக்கலைங்க. யாரோ ஒருத்தர் போன்ல சொன்னார்."

இன்ஸ்பெக்டர் தன் செல்போனைத் திருப்பிக் காட்டினார். அதில் தலைவர் மார்தட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நானே தெருத்தெருவா அலைஞ்சு..."