தனி வாளி

ஃபைபர் படகுக் கம்பெனியில் ரெமிஜியஸுக்குப் படகைத் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை. பறக்கிற கண்ணாடித் தூள் சட்டையில் ஏறிக்கொண்டு, தொட்டால் முள்ளாகக் குத்தும். அந்தச் சட்டைக்குத் தனி வாளி, குளிக்கும்வரை மகள் கிட்டே வரக் கூடாது என்பதெல்லாம் மனைவி லீலா போட்ட சட்டம்.

போன திங்கட்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். வீட்டில் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தினமும் சாப்பாட்டோடு கிளம்பிப்போய், சாயங்காலம்வரை மீன் ஏலக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினான்.

இன்று அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் ஓடி வந்தாள். இரண்டு கையையும் உயரத் தூக்கிக்கொண்டு, "அப்பா இன்னும் குளிக்கல, தொடாதம்மா" என்றான்.

துணி மடித்துக்கொண்டிருந்த லீலா தலை நிமிராமல் சொன்னாள்: "பிள்ளையத் தூக்குங்க. ஒரு வாரமா உங்க சட்டை என் கையில குத்தவே இல்ல."