கோரஸில் ஒருத்தி

திருமழிசை தொழிற்பேட்டையில் மதியச் சாப்பாட்டு நேரம். தையல் யூனிட்டின் தகரக் கூரைக்குக் கீழே தேவிப்பிரியா மலிவாக வாங்கிய டாங்கிள் என்னும் குட்டி இணைப்பானைப் போனில் செருகி, அதில் பழைய ஹெட்போனின் வயரை மாட்டுகிறாள். போன மாதம் வந்த ஒரு பாட்டின் கோரஸில் எட்டுப் பேரில் ஒருத்தியாக அவள் பாடியிருக்கிறாள். போன் ஸ்பீக்கரில் எத்தனை தடவை போட்டும் பக்கத்து மெஷின் கமலத்துக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டது. "பாடினேன்னு நீதான் சொல்லிகினு கீற" என்றாள், எல்லோரும் சிரித்தார்கள். இப்போது ஹெட்போன் கமலத்தின் காதில் இருக்கிறது. சோறு ஒட்டிய விரல்கள் டிபன் பாக்ஸின் மேல் அப்படியே நிற்கின்றன. வாசலில் லாரி ஹாரன் அலறுகிறது, அவள் திரும்பவில்லை. "வயலினு கேக்குது... பொம்பளைங்க கொரலு வருது..." சட்டென்று கண்கள் விரிகின்றன. இடது காதில் ஹெட்போனைப் புறங்கையால் அழுத்திக்கொள்கிறாள். "அடியே, இந்தப் பக்கம் நீதான்டி! கடைசில மேல இழுக்குறியே, அது நீயேதான்!" சிரித்தவர்கள் தட்டோடு எழுந்து ஓடி வருகிறார்கள். "எனக்குக் குடுக்கா" என்று கைகள் நீள்கின்றன. "இருங்கடி, இன்னொரு வாட்டி கேட்டுக்குறேன்" என்று கமலம் ஹெட்போனை விட மறுக்கிறாள். காத்திருப்பவர்களுக்காக தேவிப்பிரியா எழுந்து நின்று, அந்த வரியைத் தனியாக, தொண்டை திறந்து பாடுகிறாள்.